முதலில் மீனின் சாப்பாட்டைப் பாருங்கள்!

நம்ம ஊரில் விரால் பிடிக்கப் போகிறவர் முதலில் குட்டித் தவளை தேடுவார். கெண்டைக்கு மண்புழு தோண்டுவார். எந்த மீன், அது என்ன தின்னும், எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் முள், தங்கூசி, தக்கை எல்லாம். கோலுக்கு ஒரு மூங்கில் கழி போதும். அமெரிக்கக் கடைகளில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் பல நூறு டாலர் கோல், அடுத்து பளபளக்கும் ரீல், கடைசியில் கல்லாப்பெட்டி பக்கத்தில் 'ரெண்டு ஃப்ளையும் எடுத்துக்கோங்க' என்பார்கள்.

எடிசன் பக்கமிருந்து டெலவேர் ஆற்றுக்கு ஃப்ளை ஃபிஷிங் பழகக் கிளம்பும் நண்பர்களும் 'எந்தக் கோல் வாங்கலாம்?' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி ஃப்ளை. இரண்டாவது லைன்.

காரணம் எளிது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ தூண்டில் இரையோ எடையாக முன்னே பறந்து, நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் முடியும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரை. அதற்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். இங்கே லைன்தான் எடை. தடித்த அந்த லைனை வீசும்போது ஃப்ளை பின்னாலேயே போகிறது. எனவே ஃப்ளையின் அளவு லைனைத் தீர்மானிக்கும். லைன் கோலைத் தீர்மானிக்கும்.

பாறைக்குள் இருக்கும் பசி

டெலவேரில் நாம் தேடுவது ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், பக்கவாட்டில் செங்குத்துப் பட்டைகள், சிவந்த கண். பாறையும் ஓட்டமும் உள்ள தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால், பொடி மீன்கள், பூச்சிகள் ஆகியவை உணவு. மிசிசிப்பிக்குக் கிழக்கே, முதன்மை ஓட்டத்தில் அணையே இல்லாத மிக நீண்ட ஆறு டெலவேர். பாறைக்குப் பஞ்சமில்லை.

இந்த உணவுப் பட்டியலுக்கு மூன்று வகை ஃப்ளை போதும். ஒன்று, கிளவுசர் மின்னோ. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றின் ஸ்மால்மவுத்துக்காகவே பாப் கிளவுசர் 1987-ல் உருவாக்கியது. பெயர் வைத்தவர் பிரபல மீன்பிடி எழுத்தாளர் லெஃப்டி கிரே. முள்ளின் தண்டில் டம்ப்பெல் போன்ற இரண்டு உலோகக் கண்கள் கட்டியிருக்கும். அந்த எடையால் ஃப்ளை தண்ணீரில் கவிழ்ந்து, முள்முனை மேலே பார்த்து நிற்கும். பாறையில் அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. இழுத்தால் பாயும், நிறுத்தினால் தலை சாய்ந்து விழும். அடிபட்ட பொடி மீன் அப்படித்தான் நீந்தும்.

இரண்டு, ஊலி பக்கர். பழுப்பு அல்லது ஆலிவ் நிறத்தில் எடுத்து, அடியோடு ஒட்டிச் சின்னச் சின்னதாக இழுத்தால் கிரேஃபிஷ் மாதிரி தெரியும். மூன்று, பாப்பர். இது மிதக்கும். கோடையில் விடியற்காலையும் அந்தியும் இதற்கு நேரம். 'ப்ளப்' என்று விழுந்ததும் கை பரபரக்கும்; அலை அடங்கும்வரை காத்திருங்கள். ஆகஸ்ட் மாலைகளில் வெள்ளை மேஃப்ளைப் பூச்சிகள் ஆற்றின் மேல் பனி கொட்டுவதுபோலப் பறக்கும். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் சின்ன வெள்ளை ஃப்ளை கைவசம் இருக்கட்டும்.

காசை எங்கே போடுவது?

உலோகக் கண்ணும் காற்றைப் பிடிக்கும் பாப்பரும் 5-ஆம் எண் லைனுக்குக் கொஞ்சம் பாரம். 6 அல்லது 7-ஆம் எண் மிதக்கும் லைன், முன்பக்கம் கனத்த வகை, நல்லதாக வாங்குங்கள். அதே எண்ணில் 9 அடி கோல், நடுத்தர விலை போதும். ரீலுக்கு அள்ளிக் கொடுக்க வேண்டாம். இந்த மீனுக்குப் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைப்பதுதான் அதன் வேலை. லைன் முனையில் 9 அடி லீடர், அதன் நுனி 8 முதல் 12 பவுண்டு தாங்க வேண்டும்.

'மெல்லிய லீடர், சின்னக் கோல் இருந்தால் த்ரில் அதிகம்' என்பார்கள். அந்த த்ரில்லுக்கு விலை கொடுப்பது மீன். கோடையில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. பத்து நிமிடம் இழுபறி நடத்திவிட்டுப் பெருமையாக 'விட்டுவிட்டேன்' என்று படம் போடலாம். விட்ட மீன் பிழைத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. தாங்கும் லீடர், கொஞ்சம் கனமான கோல், கொளுவை நசுக்கிய முள் இருந்தால் சீக்கிரம் கரைக்கு வரும், சீக்கிரம் திரும்பும். ஃப்ளையின் கண்கள் ஈயத்தில் இல்லாமல் பித்தளையிலோ டங்ஸ்டனிலோ இருக்கட்டும். ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன.

வசந்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். முட்டைக்குக் காவல் நிற்பது ஆண் மீன். அதைத் தூக்கிய நேரத்தில் மற்ற மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும். நியூஜெர்சியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

டெக்சாஸ் சொல்லும் பாடம்

ஆஸ்டினுக்கு மாறிப்போகிற நண்பர் இதே பெட்டியோடு போகக்கூடாது. அங்கே மலைப்பகுதி ஓடைகளில் இருப்பது குவாடலூப் பாஸ், 1989 முதல் டெக்சாஸின் மாநில மீன். உருவம் சின்னது. 5-ஆம் எண் கோலும் சின்ன ஃப்ளையும் போதும். 1970-களில் விளையாட்டு மீன்பிடிப்புக்காக அந்த ஆறுகளில் ஸ்மால்மவுத்தைக் கொண்டு விட்டார்கள். இரண்டும் கலந்து கலப்பினம் பெருகியது. சில ஆறுகளில் அசல் குவாடலூப் பாஸுக்கே ஆபத்து வந்தது. இப்போது மாநில அரசு அசல் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டுவருகிறது.

டெலவேரிலும் ஸ்மால்மவுத் வந்தேறிதான், 19-ஆம் நூற்றாண்டில் கொண்டு விடப்பட்டது. நமக்கு இது புதுக்கதையும் இல்லை. காவிரியின் திமில் மஹ்சீர் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதற்கு, அதே ஆற்றில் கொண்டு விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீரும் ஒரு காரணம். பிடித்த மீனை இன்னோர் ஆற்றில் விடாதீர்கள் என்பதும் சாமான் தேர்வைப் போலவே முக்கியமான விதி.

ஆகவே, ஆரம்பிப்பவரின் வரிசை இது: மீன்பிடி உரிமம் (இரு மாநில எல்லையான டெலவேரில் நியூஜெர்சி, பென்சில்வேனியா இரண்டில் ஒன்று போதும்), பாறை தெரிய போலராய்டு கண்ணாடி, லைஃப் ஜாக்கெட், ஆறு ஃப்ளை, நல்ல லைன், அப்புறம் கோல். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது டெலவேருக்கும் பொருந்தும். மேலே அமைதி, அடியில் இழுப்பு. நீச்சல் தெரியாதவர் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

முதல் நாள் போனதும் வீசாதீர்கள். கரையோரம் நாலு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் பின்பக்கமாகவே நழுவி ஓடும் கிரேஃபிஷ் என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று பார்த்து, அதே நிறத்தில், அதே நீளத்தில் ஒரு ஃப்ளையைக் கட்டுங்கள். அந்தத் தகவலை எந்தக் கடையிலும் விற்பதில்லை.