கணனிப் பதிவு தொடங்குமுன் நாம் கேட்க வேண்டியவை

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பெயர் எத்தனை பட்டியல்களில் ஏறியிருக்கும்? நலன்புரி நிலையத்தில் ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, உதவிக்கு வந்த ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒவ்வொன்று. 1990இல் வெளியேறியவர்களுக்கும், 2004 சுனாமியில் கரையோரத்தில் வீடிழந்தவர்களுக்கும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்தவர்களுக்கும் இது நன்கு தெரியும்.

முன்பு இப்பட்டியல்கள் கொப்பிகளில் இருந்தன. இன்று கணனிக்குப் போகின்றன. கொப்பியில் விடுபட்டதை ஓரத்தில் எழுதிச் சேர்க்கலாம். கணனியில் அதற்கென ஓர் இடம் முன்கூட்டியே வைக்கப்படாவிட்டால் சேர்ப்பது கடினம். அந்த இடத்தை வைப்பதா இல்லையா என்பது, மென்பொருளை எழுதத் தொடங்குவதற்கு முன்னரே தீர்மானிக்கப்படுகின்றது. மென்பொருள் என்பது கணனி என்ன செய்ய வேண்டும் என்று கூறும் கட்டளைகளின் தொகுப்பு. அதை எழுதுபவர் எமது வயலையோ முகாமையோ பார்த்திராதவராக இருக்கலாம். ஆகவே எமது தேவையை அவருக்கு எப்படிச் சொல்வது, சொன்னது போதுமா என்று எப்படிச் சோதிப்பது என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

எமது நாட்டின் அனுபவம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி தாக்கிய சில நாட்களுக்குள் இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி ஒரு மென்பொருளை உருவாக்கினர். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோரைத் தேடுதல், முகாம்களில் எத்தனை பேர் என்று பதிதல், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்று அறிதல், எந்த உதவி எங்கே தேவை என்று பொருத்துதல் ஆகியவை அதன் முக்கிய வேலைகள். 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

இவ்வேலைகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதரின் தேவை இருக்கின்றது. பிள்ளையைத் தேடும் தாய்க்கு ஒரு தேவை. எத்தனை பேருக்குச் சமைப்பது என்று அறிய வேண்டிய முகாம் பொறுப்பாளருக்கு வேறொரு தேவை. ஒரே முகாமுக்கு இருவர் அரிசி கொண்டுபோய், அடுத்த முகாம் வெறுமையாய் இருப்பதைத் தவிர்க்க விரும்பும் அதிகாரிக்கு இன்னொரு தேவை.

பாவனையாளர் கதை

இத்தகைய தேவை ஒன்றைச் சிறு அட்டையில், பாவிப்பவரின் வாய்மொழியாகவே எழுதும் முறை 1990களில் அமெரிக்காவில் கென்ற் பெக் என்பவராலும் அவரோடு வேலை செய்தவர்களாலும் பரப்பப்பட்டது. இதைப் பாவனையாளர் கதை என்பர். அதில் மூன்று செய்திகள் இருக்கும்: யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும்.

அட்டை மட்டும் போதாது. அட்டை, அதைப் பற்றிய உரையாடல், வேலை சரியாக முடிந்ததா என்று உறுதிப்படுத்தும் வழி ஆகிய மூன்றும் வேண்டும் என்று 2001இல் றொன் ஜெப்றீஸ் எழுதினார்.

நமக்கு இது புதிதல்ல. உன்னிச்சைக் குளத்தின் கீழோ நவகிரிக் குளத்தின் கீழோ வயல் செய்பவர்கள் போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறார்கள். தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது முடிவது, மாடுகளை எப்போது அகற்றுவது என்று பேசி முடித்த பின்புதான் வேலை. பேசாமல் விதைத்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆயத்தமா என்று அறிய ஆறு கேள்விகள்

2003இல் பில் வேக் என்பவர் நல்ல கதைக்கு ஆறு குணங்களைக் குறிப்பிட்டார். அவற்றைக் கேள்விகளாகக் கேட்கலாம்.

1. மற்ற வேலைகளுக்குக் காத்திராமல் இதைத் தனியாகச் செய்யலாமா?
2. எப்படிச் செய்வது என்று பேசித் தீர்க்க இடமிருக்கிறதா?
3. இதனால் யாருக்கு என்ன பயன்?
4. எவ்வளவு வேலை என்று செய்பவரால் மதிப்பிட முடியுமா?
5. குறுகிய காலத்தில் முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறியதா?
6. முடிந்ததும் சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்க முடியுமா?

ஓர் உதாரணம்

விதைநெல் உதவி வழங்குவதற்காக ஒரு பதிவு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். "விவசாயிகளின் பட்டியல் வேண்டும்" என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். இது ஆயத்தமான கதை அல்ல. எந்த விவசாயி, எதற்கு என்பது இதில் இல்லை. எழுதுபவர் வசிக்கும் இடத்தை மட்டும் பதிந்தால், களுவாஞ்சிக்குடியில் தங்கியிருந்து பட்டிப்பளையில் வயல் வைத்திருப்பவர் வயல் இல்லாதவராகிவிடுவார்.

இப்படி மாற்றிப் பார்ப்போம்: "வேறு பிரிவில் தங்கியிருக்கும் வயற்காரராகிய எனக்கு, நான் தங்கியிருக்கும் இடத்தையும் எனது வயல் உள்ள வட்டையையும் வெவ்வேறாகப் பதிய வேண்டும். பெரும்போகத்துக்கு விதைநெல் கொடுக்கும்போது எனது பெயர் விடுபடாதிருப்பதற்காக."

இனிச் சோதனைகளை எழுத வேண்டும். இதுவே மிக முக்கியமான பகுதி.

* தங்கியிருக்கும் இடத்தைக் கொண்டு தேடினாலும், வட்டையைக் கொண்டு தேடினாலும் பெயர் வர வேண்டும். ஆனால் விதைநெல் ஒரு தடவைதான் கொடுபட வேண்டும்.
* காணிப் பேர்மிட் தொலைந்திருந்தால் பதிவு நின்றுவிடக் கூடாது. "ஆவணம் தொலைந்தது" என்று குறித்துக்கொண்டு தொடர வேண்டும்.
* பேர்மிட் இறந்த கணவனின் பெயரில் இருந்தாலும், வயலைச் செய்யும் மனைவியின் பெயர் பதியப்பட வேண்டும்.
* குத்தகைக்குச் செய்பவருக்கும் இடமிருக்க வேண்டும்.
* அடையாள அட்டை இலக்கத்தில் பழையதும் புதியதும் ஏற்கப்பட வேண்டும். பழையதில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. 2016 முதல் வந்ததில் 12 இலக்கங்கள். ஒருவரை இருவராக எண்ணிவிடக் கூடாது.

ஒரு சொல் செய்யும் தீங்கு

சொற்களை ஆராயாமல் ஏற்பதால் வரும் நட்டத்தைச் சுனாமிக்குப் பின் மட்டக்களப்பு கண்டது. இங்கே வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குச் சேர்வது வழக்கம். ஆனால் படிவங்கள் "குடும்பத் தலைவர்" என்று கேட்டன. பெண்ணின் வளவை இழந்த குடும்பங்களுக்குக் கொடுபட்ட புதிய வீடுகள் பல ஆண்களின் பெயரில் பதிவாகின. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. எவரும் தீங்கு நினைத்து அச்சொல்லை இட்டிருக்க வேண்டியதில்லை. "இழந்த வளவு யாருடையது?" என்று முதலில் கேட்டிருந்தால் படிவம் வேறுவிதமாக அமைந்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: இப்பதிவை யார் யார் பார்க்கலாம்? யார் எங்கே தங்கியிருக்கிறார் என்ற பட்டியல் தவறான கையில் அகப்பட்டால் ஆபத்து. இதற்குப் பதில் இல்லாத கதையையும் ஆயத்தமானது என்று கொள்ளக் கூடாது.

தாமதத்துக்குச் சாட்டு அல்ல

ஆயத்தம் பார்ப்பது வேலையைத் தள்ளிப்போடும் வழியாகிவிடக் கூடாது. வெள்ளம் வந்து சனங்கள் பாடசாலையில் நிற்கும்போது ஆறு கேள்விக்கும் முழு விடை தேடிக்கொண்டிருக்க முடியாது. சஹானா செய்தவர்களும் காத்திருக்கவில்லை. அவ்வேளையில் சிறியதொன்றை எடுத்து, அதைச் சோதிக்கும் வழியைத் தெரிந்துகொண்டு தொடங்கலாம். ஆயத்தமில்லாத கதையை வீசிவிடவும் வேண்டாம். சொன்னவரிடமே திரும்பப் போய், இருந்து பேசினால் போதும். அநேகமாக அரை மணித்தியாலப் பேச்சில் அது தெளிவாகிவிடும்.

ஆகவே, பதிவுக்கென்று எவராவது உங்கள் கிராமத்துக்கு வந்தால், பெயரைக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். "இது எதற்கு? எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இடமிருக்கிறதா? சரியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அவருடைய வேலைக்குத் தடை அல்ல, உதவி.

குழுவாகக் கலந்துரையாட

1. இதுவரை நடந்த பதிவுகளில் உங்கள் கிராமத்தில் யாருடைய பெயர்கள் விடுபட்டன? ஏன்?
2. உங்கள் தேவை ஒன்றை "யாருக்கு, என்ன, எதற்காக" என்று ஓர் அட்டையில் எழுதுங்கள்.
3. அது நிறைவேறியதா என்று பார்க்க மூன்று சோதனைகளைக் கூறுங்கள். விதவைகள், குத்தகைக்காரர், ஆவணம் இழந்தோர் ஆகியோரை மறவாதீர்கள்.