ஒரு கிண்ணத்துக்கு எத்தனை நாள்?

கிழக்கேகோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெருவில் மாசி பிறந்ததும் மட்பானைகள் குவியத் தொடங்கும். ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடும் நாளில் கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களெங்கும் பெண்கள் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டுவர். 2009ஆம் ஆண்டு விழாவில் ஏறத்தாழ 25 இலட்சம் பெண்கள் பங்குகொண்டதாகக் கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்துள்ளது. அவ்வளவு பேருக்கும் பானை வேண்டும். வாங்க வருவோர் ஒவ்வொரு பானையையும் கையில் தூக்கி, விரல் மூட்டால் தட்டி, ஓசை தெளிவாக இருந்தால் மட்டுமே விலை பேசுவர். விரிசல் விட்ட பானை மழுங்கிய ஓசை எழுப்பும். மட்கலத்தைப் பற்றிய இந்த அறிவு நம் ஊரில் யாரும் பாடம் நடத்தி வந்ததன்று.

இதே ஊரிலிருந்து ஜப்பானுக்குச் சென்று மண் பிசைந்து, சக்கரத்தில் அமர்ந்து, தம் கையால் ஒரு தேநீர்க் கிண்ணம் செய்து வர விரும்புவோரும் உண்டு. கோயில், மலை, கடற்கரை என்று பார்த்துவிட்டு வரும் பயணத்தைவிட, ஒன்றைக் கற்றுக்கொண்டு வரும் பயணம் மேலானது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் சில இலட்சம் ரூபாய் செலவாகும் இத்தகைய பயணத்தில் நாம் விலைகொடுத்து வாங்குவது எது என்பதைப் பலரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. விளம்பரப் படங்களில் சுழலும் சக்கரமும் சேறு படிந்த கைகளும் தெரியும். அந்தச் சேறு கலமாக மாறுவதற்கு வேண்டிய நாட்கள் தெரிவதில்லை.

ஒரு கிண்ணத்தின் வாழ்வைச் சற்று பின்தொடர்வோம். முதலில் மண்ணைப் பிசைந்து அதிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஜப்பானியர் இதனைச் செவ்வந்திப் பிசைவு என்பர். அழுத்தி அழுத்தித் திருப்பும்போது மண் உருண்டை அப்பூவின் இதழடுக்குப் போலத் தோன்றும். பிசையக் கற்க மூன்று ஆண்டு வேண்டும் என்று அங்கே ஒரு சொல்வழக்கும் உண்டு. பின்னர்ச் சக்கரம். ஜப்பானியச் சக்கரம் வலஞ்சுழியாகவும் மேலைநாட்டுச் சக்கரம் இடஞ்சுழியாகவும் சுழலும் என்பதால், முன்பே வேறிடத்தில் பயின்றவர் கூட அங்கே சிறிது தடுமாறுவார். கிண்ணம் எழும்பியதும் அதை அறுத்தெடுத்து, ஓரிரு நாள் உலர்த்தி, தோல் போன்ற பதம் வந்ததும் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தைச் செதுக்க வேண்டும். மீண்டும் ஒரு வாரமேனும் உலர வேண்டும். பிறகு 700 முதல் 900 டிகிரி வரையிலான முதற்சூடு. அடுத்து, கண்ணாடிபோல் படியும் கிளேஸ் பூச்சு. அதற்கு மேல் 1,230 டிகிரிக்குக் குறையாத இரண்டாம் சூடு. சூளை தானே ஆறும் வரை திறக்கலாகாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டுக் கலங்கள் வெடிக்கும். எல்லாம் முடிந்து வெளியே வரும் கிண்ணம், சக்கரத்திலிருந்து இறங்கியபோது இருந்ததைவிடப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு சிறுத்திருக்கும். பெரிய கோப்பை செய்ததாக எண்ணியவர் கையில் காப்பி டம்ளர் அளவில் ஒன்று வந்து சேரும்.

ஆக, குறைந்தது மூன்று வாரம். இக்கணக்கை மனத்தில் கொண்டே ஜப்பானின் மட்கல ஊர்களை அணுக வேண்டும்.

அவ்வூர்களுள் முதலில் சொல்லத்தக்கது டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாவட்டத்திலுள்ள மஷிகோ. 1853இல் ஒட்சுகா கெய்சாபுரோ என்பவர் தொடங்கிய சூளையிலிருந்து தண்ணீர்ச்சாடி, அரைக்கும் கலம் எனச் சமையலறைச் சாமான்களே அங்கு உருவாயின. ஹமாடா ஷோஜி இங்கிலாந்தில் பெர்னார்டு லீச்சுடன் பணியாற்றித் திரும்பி, 1924இல் இவ்வூரைத் தம் களமாகத் தேர்ந்தார். பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்கெனச் செய்யும் பொருளிலேயே உயர்ந்த அழகு குடிகொண்டுள்ளது என்ற யனகி சோயெட்சுவின் ‘மிங்கெய்’ கொள்கைக்கு ஹமாடாவின் கலங்கள் கண்கூடான சான்றாயின. அவர் வாழ்ந்த வளாகம் இன்று அருங்காட்சியகம். அவருடைய ஏறுபடிச் சூளையையும் அங்கே காணலாம். டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத்தில் மஷிகோ சேரலாம். மே மாதத் தொடக்கத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் அங்கு மட்கலச் சந்தை கூடும். வாங்குவதற்கு அது நல்ல காலம். கற்பதற்கு அன்று, ஊரே கடையாகிவிடும்.

ஒகயாமா மாவட்டத்துப் பிசென் வேறு வகை. அங்கே கிளேஸ் பூசுவதில்லை. செம்பைன் விறகிட்டுப் பத்து நாளுக்கு மேலாகத் தொடர்ந்து எரிப்பர். பறக்கும் சாம்பலும் சுடரின் போக்கும் கலத்தின் மேல் தாமே வண்ணம் தீட்டும். இத்தகைய சூளையை ஆண்டுக்கு ஓரிரு முறையே மூட்டும் குயவர்கள் பலர் என்பதால், அங்கு செய்த கலத்தைக் கையோடு எடுத்துவர எண்ணுவது வீண். ஷிகரகி, தொகொனமெ ஆகிய ஊர்களும் பழஞ்சூளை மரபின. பீங்கானை விரும்புவோருக்கு அரிதா உண்டு. 1616இல் ஜப்பானின் முதல் பீங்கான் அங்கே பிறந்ததாகக் கொள்வர்.

இவ்வூர்களில் ஒரு மணி நேரப் பயிற்சி எளிதில் கிடைக்கும். சக்கரத்தில் அமர்த்துவர், உதவியாளர் அருகிருந்து கை பிடித்து உதவுவர், இரண்டு கிண்ணம் எழும்பும், புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்படலாம். மீதி வேலையெல்லாம் பட்டறையே செய்து, ஒன்றிரண்டு மாதங்களில் அஞ்சலில் அனுப்பும். அனுப்புவது பெரும்பாலும் உள்நாட்டு முகவரிக்கே என்பதுதான் சிக்கல். நாங்கள் இதைப் பட்டே அறிந்தோம். பணம் கட்டிய பிறகுதான் வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி இல்லை எனத் தெரியவந்தது. டோக்கியோவில் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தோம். கிண்ணங்கள் சேர்வதற்குள் அவர் ஒசாகாவுக்கு மாற்றலாகிவிட்டார். அவை இன்று யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ! பட்டறையின் மேல் குற்றமில்லை; அறிவிப்பு சுவரிலேயே இருந்தது, ஜப்பானிய எழுத்தில்.

ஜப்பான் செல்வதென முடிவு செய்தோர், மூன்று ஊர்களை ஏழு நாளில் தொட்டுவரும் தொகுப்புப் பயணத்தைவிட, ஓரூரில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்குமாறு ஏற்பாடு செய்துகொள்வதே நன்று. அடி செதுக்கவும் முதற்சூட்டைக் காணவும் அப்போதுதான் வாய்க்கும். சுற்றுலா விசாவில் ஊதியம் பெறும் பணி எதுவும் கூடாது. மாதக்கணக்கில் குருவிடம் தங்கிப் பயில எண்ணுவோர் அதற்குரிய விசாவைப் பற்றி முன்பே விசாரித்தல் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். சிற்றூர்ப் பட்டறைகள் பலவற்றில் கார்டு செல்லாது, ரொக்கமே செல்லும். செவன் இலெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும். ஆனால் நம் நாட்டு கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியிலோ கிளையிலோ இயக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா யென்னிலா என்று கருவி கேட்டால் யென்னையே தெரிவு செய்க. ரூபாய் என்று சொன்னால் கடைக்காரர் தரப்பு மாற்று விகிதம் பொருந்தும், அது பெரும்பாலும் நமக்குப் பாதகம். வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக வாங்கும்போது நிறுவனம் டி.சி.எஸ். எனப்படும் வரியை வசூலிக்கும். இதன் விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாறி வருவதால் முன்பதிவு செய்யும் நாளில் கேட்டறிவது நல்லது. அது இழப்பன்று, உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யப்படும். கணக்குத் தாக்கல் செய்யாதோர்தாம் அதை இழக்கின்றனர்.

இவ்வளவும் கூறியபின் எங்கள் கருத்தை மறைக்க விரும்பவில்லை. ஜப்பானிய மட்கலையில் ஆர்வம் கொண்ட ஒருவர் முதலில் செல்லவேண்டிய ஊர் மஷிகோ அன்று, புதுச்சேரி.

ஜப்பானிய மரபு நம் நாட்டுக்கு இரு வழியாக வந்தது. முதல் வழி வடக்கே. சர்தார் குர்சரண் சிங் 1919இல் செராமிக் தொழில்நுட்பம் பயில ஜப்பான் சென்றார். செங்கல், ஓடு செய்யும் தொழிலுக்கென அனுப்பப்பட்டவர், அங்கே யனகியையும் ஹமாடாவையும் லீச்சையும் சந்தித்துக் கலைஞராகத் திரும்பினார். 1952இல் அவர் தொடங்கிய டெல்லி புளூ ஆர்ட் பாட்டரி இந்தியாவில் பட்டறை மட்கலைக்கு வித்திட்டது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கிலுள்ள அந்த்ரெட்டாவில் அவரும் அவர் மகன் மன்சிம்ரன் சிங்கும் அமைத்த பட்டறையில் மூன்று மாதம் தங்கிப் பயிலும் முறை உருவானது.

இரண்டாம் வழி நமக்கு அண்மையது. டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஜப்பானிய மொழி கற்றவர். பிசென் மரபில் பயின்றவர். ஹமாடாவைப் பற்றி நூலெழுதிய சூசன் பீட்டர்சனுக்கு மஷிகோவில் மொழிபெயர்ப்பாளராக உதவியவர். அவரும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவினர். செந்நிற மண்கலம் மட்டுமே அறிந்த கடற்கரை ஊரில், சவுக்கு விறகால் உயர்சூட்டுக் கலங்களை வார்த்தெடுத்தனர். ரே மீக்கர் ஒருபடி மேலே போய், 1980களிலும் 90களிலும் பச்சை மண்ணால் வீடு கட்டி, அதனுள்ளே செங்கற்களையும் கலங்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்! அந்த வீடுகள் பரவலாகவில்லை. பரவியது மாணவர் கூட்டம். அங்கே மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லைச் சுற்றியும் சொந்தப் பட்டறைகள் அமைத்தனர். இன்று அப்பகுதியில் ஒரு வாரம், பத்து நாள் எனக் குறும்பயிற்சி தரும் பட்டறைகள் பல உள்ளன. கற்பிப்போர் தமிழில் பேசுவர் அல்லது தமிழறிந்த உதவியாளர் இருப்பர். சக்கரத்தில் மண் சரிந்து விழும்போது காரணத்தை நம் மொழியில் கேட்டறிவது எவ்வளவு பெரிய வசதி என்பது சரிந்தவர்க்கே தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உயர்சூட்டில் இறுகிய கலத்தை அடுப்பின் மேல் ஏற்றலாகாது. நம் பொங்கல் பானை ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே சுடப்படுவதால் அதன் உடலெங்கும் நுண்துளைகள் இருக்கும். சூட்டால் தோன்றும் சிறு கீறல் ஒரு துளையை எட்டியதும் நின்றுவிடும். இறுகிய கலத்தில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை, ஒரு கோடாகப் பிளந்துபோகும். அதனால்தான் பல இலட்சம் பெண்கள் நெருப்பில் வைக்கும் வேலையைச் சாலைத் தெருப் பானை செய்கிறது, அழகிய ஷிகரகிக் கிண்ணம் செய்யாது. ஜப்பானியரும் இதனை அறிவர். அடுப்பேறும் ‘தொனபெ’ சட்டிகளுக்கென இகா என்ற ஊரின் மண்ணையே நாடுகின்றனர். பண்டைய பிவா ஏரியின் படுகை மண் அது. தாவர எச்சங்கள் கலந்த அம்மண் சுடும்போது துளைகள் உண்டாகின்றன. இகாச் சட்டிக்கு அங்கே பெரும் விலை. இங்கே ஒரு பானைக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் வாதாடுகிறோம். நல்ல களிமண் கிடைப்பதே அரிதாகிவரும் காலம் இது. 2008ஆம் ஆண்டுக் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் வயல்மண் எடுப்பதும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வயலைக் காக்க அது வேண்டியதே. குயவர் வீட்டில் அதன் சுமை இறங்கியுள்ளது என்பதும் உண்மையே. யனகி வியந்து பாராட்டிய பெயர் தெரியாத கைவினைஞரைக் காண விமானம் ஏறும் முன், அவரிடம் பேரம் பேசுவதையேனும் நிறுத்திவிட்டுச் செல்லலாம்.

புதுச்சேரிப் பயணத்துக்கு எட்டு, பத்து மாதத் தொடர் வைப்புக் கணக்கே போதுமானது. தம்பானூரிலிருந்து அனந்தபுரி விரைவு ரயிலில் விழுப்புரம் இறங்கினால் அங்கிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலம் எளிதில் உலராது. தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். பட்டறைக்கு முன்பணம் அனுப்புமுன், கட்டணத்தில் மண்ணும் சூளையும் அடங்குமா, இரண்டாம் சூடு எந்த நாளில் என்று கேட்டு எழுத்தில் பெறுக. அந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்தே திரும்பும் ரயிலுக்குப் பதிவு செய்க. சூளை ஆறித் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.