153 துண்டுகளும் ஒரு மலைத் தகராறும்

பாலம் கட்டுவதென்றால் முதலில் நிலத்தைக் கலைத்தாக வேண்டும். இயந்திரங்கள் போய்வர ஒரு தற்காலிகப் பாதை, சாமான் இறக்க ஒரு திடல், சாரம் நாட்ட இடம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிராண்ட்ஃபாதர் மலையின் விலாவை ஒட்டி வளைந்து செல்லும் லின் கோவ் பாலத்துக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. 1979இல் வேலை தொடங்கியபோது போட்ட கட்டுப்பாடுகள் அப்படி. பாலத்துக்கு நேர் கீழே நிற்கும் மரங்களைத் தவிர ஒன்றையும் வெட்டக் கூடாது. பாறைகளில் கான்கிரீட் கறைகூடப் படக் கூடாது. அதனால் பாறைகளைப் போர்த்தி மூடிவிட்டு வேலை பார்த்தார்கள். நீளம் 379 மீட்டர். அதைத் தரையிலிருந்து மேலே எழுப்பாமல், மேலிருந்து கீழே இறக்கிக் கட்டினார்கள்.

இப்படியொரு பிடிவாதம் ஏன் என்று கேட்டால், பதில் பொறியியல் புத்தகத்தில் இல்லை. அரை நூற்றாண்டு நீண்ட தகராறுகளில் இருக்கிறது.

இந்தப் பாலம் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற சாலையின் ஒரு சிறு துண்டு. பார்க்வே என்றால் பூங்காச் சாலை. ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக இல்லாமல், போகிற வழியைப் பார்ப்பதற்காகவே போட்ட சாலை. லாரிகளுக்கு அனுமதி கிடையாது. விளம்பரப் பலகை கிடையாது. அதிகபட்ச வேகம் மணிக்கு 72 கி.மீ. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவையும் தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவையும் மலை முகடுகள் வழியாகவே இணைக்கிறது. மொத்தம் 755 கி.மீ. எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 1935 செப்டம்பர் 11 அன்று மண்ணை வெட்டத் தொடங்கினார்கள். முழுச் சாலையும் திறக்கப்பட்டது 1987 செப்டம்பர் 11 அன்று. 52 ஆண்டுகள்! உலகப் போர் குறுக்கிட்டது, பணம் தட்டியது, எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசி 12 கி.மீ. மட்டுமே இழுபறியில் பல ஆண்டுகளைத் தின்றது. அந்த 12 கிலோமீட்டரில்தான் நம் பாலம் இருக்கிறது.

முதல் சண்டை மாநிலங்களுக்கு இடையில். 1933இல் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தது. வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு எடுத்த திட்டங்களில் இந்தச் சாலையும் ஒன்று. வடக்கே வர்ஜீனியா வழி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தெற்கே எந்த வழி? டென்னசி தன் பக்கம் திருப்பப் பார்த்தது, வட கரோலினா விடவில்லை. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்துக்கு இது மானப் பிரச்சினை அல்ல, வயிற்றுப் பிரச்சினை. 1930 நவம்பரில் ஊரின் வங்கிகள் திவாலாகி, நகராட்சியின் பணமும் அதோடு போனது. அந்தக் காலக் கடனை ஆஷ்வில் கட்டி முடித்தது 1976இல்தான். சுற்றுலாவை நம்பிய ஊருக்கு இந்தச் சாலை தப்பிப் பிழைக்கும் வழி. வழியைப் பரிந்துரைக்க அமைத்த குழு, இரு மாநிலங்களுக்கும் பங்கு கிடைக்கிற மாதிரி சொன்னது. 1934 நவம்பரில் உள்துறைச் செயலர் ஹரால்ட் இக்கிஸ் அந்தப் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு, முழுவதையும் வட கரோலினாவுக்கே கொடுத்தார். டென்னசிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

வென்ற மாநிலத்திலும் எல்லாருக்கும் சந்தோஷம் இல்லை. பூங்காச் சாலைக்குத் தார் போடும் அகலம் சுமார் 6 மீட்டர் போதும். எடுத்த நிலமோ மைலுக்குச் சுமார் 125 ஏக்கர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக 300 மீட்டருக்கு மேல் அகலமான பட்டை! பயணியின் கண்ணுக்கு எட்டும் காட்சியையும் சேர்த்து வாங்கினார்கள். வட கரோலினாவின் சட்டமும் அதற்கு ஒத்துழைத்தது: மாநில நெடுஞ்சாலைத் துறை வரைபடத்தைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் நிலம் கைமாறியது. பேரமும் இழப்பீடும் பிறகு. வீட்டு வாசலில் சாலை வருகிறது, இனிச் சந்தைக்குப் போவது சுலபம் என்று நம்பிய மலை விவசாயிக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அந்தச் சாலையில் அவர் நினைத்த இடத்தில் ஏற முடியாது, விளைச்சலை ஏற்றிக்கொண்டு லாரியும் போக முடியாது.

சட்டம் தெரிந்தவர்கள் வேறு மாதிரிப் போராடினார்கள். லிட்டில் ஸ்விட்சர்லாந்து என்ற மலை வாசஸ்தலத்தை உருவாக்கிய ஹெரியட் கிளார்க்சன், மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டு 25,000 டாலர் வாங்கியது. அந்த ஊரில் மட்டும் பார்க்வேயின் நிலப்பட்டை ஒடுங்கிப்போனது. ஊருக்குள் நேராக இறங்கவும் வழி கிடைத்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் கட்டடங்கள் சாலையை நெருங்கி நிற்கும். பூங்கா ஏன் இங்கே திடீரென்று மெலிகிறது என்று யோசிக்கும் பயணிக்கு விடை வழக்குக் கட்டில் இருக்கிறது.

தெற்கு முனையில் இன்னும் பெரிய தடம் உண்டு. அங்கே கிழக்குச் செரோகி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1838இல் செரோகிகளைப் பெரும்பாலும் மேற்கே துரத்தியடித்தபோது, எப்படியோ தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். மலை நாட்டில் சமதரை என்பது தங்கம். சாலைத் திட்டம் கேட்டதோ அவர்களுடைய சோகோ பள்ளத்தாக்கின் சமதரையை. உதவித் தலைவர் ஃப்ரெட் பாவர் முன்னின்று எதிர்த்தார். தலைவர் ஜாரெட் பிளைத் உடன்பாடு பேசும் பக்கம் நின்றார். இனத்துக்குள்ளேயே பிளவு. பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 1940இல் முடிவு வந்தது: பூங்காச் சாலை பள்ளத்தாக்கை விட்டுவிட்டு முகட்டுக்கு ஏறும், பள்ளத்தாக்கில் எல்லாரும் பயன்படுத்தும் சாதாரணச் சாலை ஒன்றை மாநிலம் போட்டுத்தரும், நிலத்துக்கு 40,000 டாலர். முகட்டு வழி என்றால் மலையைக் குடைந்தாக வேண்டும். பார்க்வேயின் 26 சுரங்கப் பாதைகளில் ஐந்து இந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களில் வரிசையாக வருவது அதனால்தான்.

இனி, ஓட்டுநரின் கைக்குப் போவோம். இந்தச் சாலையின் நில வடிவமைப்பாளர் ஸ்டான்லி ஆபட். பொறுப்பை ஏற்றபோது இருபத்தைந்து வயதுக்காரர். சாலை மலையை வெட்டிக்கொண்டு போகாமல், மலையின் உருவத்திலேயே படிந்து போக வேண்டும் என்பது அவருடைய குழுவின் எண்ணம். அதற்குக் கை கொடுத்தது ஒரு கணித வளைவு. நேர்கோடு முடிந்த புள்ளியிலேயே வட்டம் தொடங்கினால், ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்க வேண்டியிருக்கும், உள்ளே இருப்பவரின் தோள் கதவில் இடிக்கும். ரயில் பொறியாளர்கள் இதற்கு ஏற்கெனவே மருந்து கண்டிருந்தார்கள்: நேர்கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவே, சுருளைப் போல மெல்ல மெல்ல இறுகும் வளைவு. இடைமாற்று வளைவு என்று பெயர். போகப் போக வளைவின் அளவு சீராகக் கூடும். கையும் அதே சீரில் திரும்பினால் போதும். கூடவே வளைவின் வெளி ஓரத்தைச் சற்றே தூக்கிவிடுவார்கள். இதற்கு மிகையுயர்வு என்று பெயர். வண்டியை வெளியே தள்ளப் பார்க்கும் விசையில் ஒரு பகுதியைச் சாலையின் சாய்வே தாங்கிக்கொள்ளும். பார்க்வேயில் போகிறவர்கள் மலை தங்களை ஆட்டி ஆட்டிக் கூட்டிச் செல்வதாக உணர்கிறார்கள். ஆட்டுவது அந்தக் கணக்கு.

காட்சிகளும் கணக்குப் போட்டு வைத்தவைதான். வர்ஜீனியாவில் மேப்ரி மில் என்ற பழைய நீராலை இருக்கிறது. இந்தச் சாலையில் பயணிகள் கேமராவைத் தூக்கும் இடங்களில் அதற்கு முதல் வரிசை. பக்கத்தில் உருட்டுமரக் குடிசை ஒன்று. ஆலைக்காரர் மேப்ரி வாழ்ந்த வீடு அது அல்ல. அவர் வீடு பலகை அடித்த, மாடி வைத்த, அந்தக் காலத்துக்கு நாகரிகமான வீடு. மலைவாசி என்றால் உருட்டுமரக் குடிசையில்தானே இருக்க வேண்டும்? 1940களில் வீட்டை இடித்துவிட்டு, பிறகு வேறொரு ஊரிலிருந்து குடிசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு இந்தச் சாலையில் பாலத்துக்கு அடுத்தபடியான விந்தை இதுதான். எளிமையைக்கூட அங்கே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது!

இப்போது கிராண்ட்ஃபாதர் மலைக்கு வரலாம். 1952இல் ஹ்யூ மார்ட்டன் இந்த மலைக்கு வாரிசு உரிமையில் சொந்தக்காரர் ஆனார். அதே ஆண்டு உச்சிக்குப் பக்கத்தில் தொங்குபாலம் ஒன்றைக் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை மேலே அனுப்பத் தொடங்கினார். தேசியப் பூங்கா நிர்வாகம் சாலையை மலையின் மேல் சரிவில் கொண்டுபோகக் கேட்டது. மார்ட்டன் மறுத்தார்: மலை பாழாகும் என்றார். அவர் தேர்ந்த புகைப்படக்காரர், பத்திரிகைகளைக் கையாளத் தெரிந்தவர். 1962இல் பூங்கா இயக்குநர் கான்ராட் வர்த்தோடு தொலைக்காட்சியிலேயே விவாதம் செய்தார். தனி மனிதர் அரசாங்கத்தை எதிர்த்து மலையைக் காப்பாற்றினார் என்ற கதை அப்போது நிலைத்தது. வரலாற்றாசிரியர் ஆன் மிட்செல் விஸ்னன்ட் ஆவணங்களைத் தோண்டி 2006இல் எழுதிய புத்தகம் அந்தக் கதையை அசைத்தது. சாலைக்கான நிலம் பற்றி மார்ட்டன் குடும்பத்தின் நிறுவனம் முன்பே அரசோடு பேசி முடித்திருந்தது. மலையில் வியாபாரம் நடத்தியவரும் அவரே. பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் காட்சி, கட்டணக் காட்சிக்குப் போட்டி அல்லவா? மலை மீது அவருக்கு இருந்த பற்று பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பற்றும் வரவுசெலவும் ஒரே பையில் இருந்தன.

1968இல் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடு வழி ஒன்றில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அதோடு பொறியாளர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. நடு வழி போகும் லின் கோவ் சரிவு, வீடு அளவுக்குப் பெரிய உருண்டைப் பாறைகள் குவிந்த இடம். வெட்டினால் சரியும், நிரப்பினால் தழும்பு நிற்கும். இத்தனை ஆண்டு சண்டைக்குப் பிறகு தழும்பை யாரும் மன்னிக்க மாட்டார்கள். எனவே சரிவைத் தொடாமல் ஒட்டிப் பறக்கும் பாலம்.

வடிவமைத்த நிறுவனத்தின் கூட்டாளிகளில் ஒருவர் ழான் முல்லர், பிரெஞ்சுக்காரர். பாலத்தைத் துண்டு துண்டாக வார்த்துப் பிறகு ஒட்டுவது அவர் கை வந்த கலை. இங்கே 153 துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளே வெற்றிடமான கான்கிரீட் பெட்டி, நீளம் சுமார் இரண்டரை மீட்டர், எடை 50 டன். சரக்கு ஏற்றிய இரண்டு பெரிய லாரிகளின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். பாலம் எஸ் எழுத்தாக நெளிவதால் எந்த இரு துண்டும் ஒன்றுபோல இல்லை. நேராக இருப்பது ஒன்றே ஒன்று. மிகையுயர்வும் ஒரு பக்கம் 10 சதவீதத்திலிருந்து மறு பக்கம் 10 சதவீதத்துக்கு மாறுகிறது. அதாவது சாலையின் வலது ஓரம் இடது ஓரத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்திருந்து, சற்றுத் தூரத்தில் அதே அளவு தாழ்கிறது. துண்டுகள் வளைவதோடு முறுகவும் வேண்டும்.

இப்படிப்பட்ட 153 துண்டுகள் இடைவெளியில்லாமல் பொருந்துவது எப்படி? ஒன்றை வார்த்து முடித்ததும், அதன் முகத்தையே அடுத்த துண்டுக்கு அச்சாக வைத்தார்கள். முதல் துண்டின் மேடும் பள்ளமும் இரண்டாவதில் எதிர்ப்பதிவாக விழும். அப்புறம் அவை வேறு எதோடும் பொருந்தாது. பக்கத்துத் துண்டோடு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். பட்டறை போட்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வார்த்தார்கள்.

பொருத்தும் வேலை அந்தரத்தில். ஏற்கெனவே கட்டி முடித்த பாலத்தின் மேலேயே புதுத் துண்டு வண்டியில் வரும். பாலத்தின் நுனியில் நிற்கும் கிரேன் அதைத் தூக்கி, வெளியே திருப்பி, முன்னால் இறக்கும். முகத்தில் எப்பாக்ஸி பசை தடவி, எஃகு வடங்களை உள்ளே செலுத்தி, இழுத்து முடுக்குவார்கள். கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். ஆகவே வடங்கள் அதை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கின்றன. முன்தகைவு என்பது இதுதான். அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை இரு உள்ளங்கைகளால் அழுத்தி ஒரே கட்டாகத் தூக்கினால் நடுப் புத்தகம் விழாது, அதே உபாயம்.

தூண்களுக்காவது கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினார்கள், ஆனால் மேலிருந்து. நுனிக் கிரேன் ஆட்களையும் துளையிடும் கருவியையும் சரிவில் இறக்கும். ஒல்லியான துளைகள் போட்டுப் பாறைக்குள் அடித்தளம் ஊன்றுவார்கள். தூணையும் துண்டுகளாகவே இறக்கி அடுக்கி முடுக்குவார்கள். மொத்தம் ஏழு தூண்கள். தரையில் நடந்த வேலை இவ்வளவே. கான்கிரீட்டில் இரும்பு ஆக்சைடு நிறமி கலந்தார்கள். புதுப் பாலம் பழைய பாறையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

1983இல் பாலம் முடிந்தது. செலவு சுமார் 10 மில்லியன் டாலர். இரு பக்கமும் மிச்சச் சாலையைச் சேர்க்க இன்னும் நான்கு ஆண்டுகள். மார்ட்டன் 2006இல் இறந்தார். 2008இல் கிராண்ட்ஃபாதர் மலையின் சுமார் 2,600 ஏக்கரை மாநிலப் பூங்காவாக்குவதற்காக வட கரோலினா அரசே வாங்கிக்கொண்டது. விலை 12 மில்லியன் டாலர். மலையைத் தொடாமல் போவதற்கு ஆன செலவைவிட இரண்டு மில்லியன் கூடுதல்.