வைட்டமின் டி மாத்திரையும் சர்க்கரை வியாதியும்

வைட்டமின் டி மருந்தை உண்டால் சர்க்கரை வியாதி வராது என்ற பேச்சு இப்போது பரவியிருக்கிறது. அதை நம்பிப் பணம் செலவிடுமுன், உண்மை யாதென்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த வைட்டமின், தோலின்மீது வெயில் படும்போது உடலிலேயே உண்டாவது. எலும்பின் உறுதிக்கு இது இன்றியமையாதது. இன்சுலினைச் சுரக்கும் கணையத்துக்கும் இது தேவைப்படுகிறது. கேழ்வரகுக் கொல்லையில் பாடுபடும் குடியானவர்க்கு வெயில் தாராளமாகக் கிடைக்கிறது. பகலெல்லாம் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளர்க்கோ அது கிடைப்பதில்லை. ஆகவே, மாத்திரை அக்குறையைத் தீர்த்து வியாதியையும் தடுக்கும் என்று எண்ணுவது இயல்பே.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கின்படி, நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்நிலையில் இருந்தனர். அமெரிக்காவில் இந்நிலையிலிருந்த 2,423 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 4,000 யூனிட் வைட்டமின் டி உண்டவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்கும் நீரிழிவு வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. இதுபோன்ற மூன்று சோதனைகளை 2023-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மூன்றாண்டுகளில் நூற்றுக்கு மூவர் அளவுக்கு நன்மை தெரிந்தது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தது. உணவைத் திருத்திக்கொண்டு, உடலுழைப்பு இல்லாதவர்கள் தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும் வேண்டும் என்பதே அங்குக் கூறிய வழி. மூன்றாண்டுகளில் சாதாரணமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. இவ்வழியில் நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது. இரு நாட்டு மக்களும் வேறாயினும், மாத்திரையால் மூவரும் நடையால் பதினாறு பேரும் தப்பினர் என்பது கவனிக்கத்தக்கது.

அளவுக்கு மீறிய வைட்டமின் டி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை மிகுத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாரத்துக்கு ஒன்றென வைத்தியர் எழுதித்தரும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் உண்பது பேராபத்து. குறைபாடு உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவிலேயே உண்ண வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் இதை நம்பித் தங்கள் மருந்தை நிறுத்தலாகாது.

தறியில் கையும் காலும் அசைந்தாலும் அது நடைக்கு ஈடாகாது. ஆகவே நெசவாளர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் வெளியே நடக்க வேண்டும். வெயிலும் உடன் கிடைக்கும். கேழ்வரகுக் களி நல்லுணவே ஆயினும் அதுவும் மாவுப் பொருளே. உருண்டையைச் சிறிதாக்கி, கீரை, அவரை, கொள்ளு ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்துக்கொள்க.

முப்பது வயது கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.