தோட்டாவுக்கும் ஒரு நாழி!

தேன்குழல் பிழிகிற நாழியை அறியாத வாசகி இருக்க முடியாது. அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில், கார் நிறுத்துகிற கொட்டகையின் ஒரு மூலையில், அதற்கு ஒன்றுவிட்ட தமக்கை போன்ற ஒரு சாதனம் கனமான மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். அதன் நீண்ட கைப்பிடியை இழுத்தால் கீழேயிருந்து ஓர் இரும்புத் தண்டு மேலே எழும்பும். அதிலிருந்து வருவது தேன்குழல் அல்ல, துப்பாக்கித் தோட்டா!

"ஐயையோ, குடும்பம் நடத்துகிற வீட்டிலா?" என்று பதற வேண்டாம். அந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரித்துக்கொள்ள மத்திய சர்க்கார் லைசென்ஸ் கேட்பதில்லை, விற்பதற்குத்தான் கேட்கிறது. நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே யாரும் பையைத் தூக்கிக்கொண்டு பிரஸ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்கா போகிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் "முதல் பிரஸ் எதை வாங்கலாம்?" என்று மனைவியோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். விஷயம் என்னவென்று தெரிந்திருந்தால் நல்லதுதானே?

தோட்டாவுக்கு அங்கங்கள் நான்கு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு வைத்தாற்போல் பதிந்திருக்கும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டவுடன் மருந்து எரிந்து போகிறது, குண்டு பறந்து போகிறது, ப்ரைமர் செத்துப் போகிறது. பித்தளைக் கூடு மட்டும் முழுசாக மிஞ்சுகிறது. நாலு அங்கங்களிலும் பெரும்பாலும் விலை கூடியது அதுதான். தூக்கி எறிய மனசு வருமா? செத்த ப்ரைமரைத் தள்ளிவிட்டு, சூட்டில் உப்பிப்போன கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புது ப்ரைமர் பதித்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1884-ல் கனெக்டிகட் மாகாணத்தில் ஜான் பார்லோ என்பவர் ஆரம்பித்த 'ஐடியல்' கம்பெனி, பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவி செய்து விற்றது. உலக யுத்தக் காலத்தில், 1943-ல், கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில், ப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் தம் தகப்பனாரின் சலவைக் கடைப் பின்கட்டில் ஒரு பட்டறை போட்டார். கடையிலே நல்ல குண்டு கிடைக்கவில்லை. சுட்டுப்போட்ட சின்னக் கூடுகளையே அச்சில் நெருக்கிக் குண்டுக்குச் சட்டையாக்கினார். அதுதான் 'ஆர்.சி.பி.எஸ்.' கம்பெனி. 1949-ல் நெப்ராஸ்காவில் குண்டு தயாரிக்க முனைந்தவர் ஜாய்ஸ் ஹார்னடி. பெயரைப் பார்த்துப் பெண்மணி என்று பூரித்துப் போகாதீர்கள், ஆண் பிள்ளைதான்!

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம். மூன்று ரகம் உண்டு. முதலாவது ஒற்றை அச்சுப் பிரஸ். நாழியில் ஓமப்பொடி வில்லை, ரிப்பன் வில்லை என்று மாற்றி மாற்றிப் போடுகிறோமே, அதே கதைதான். ஐம்பது கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, அச்சைக் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். மணிக்கு ஐம்பது தோட்டா தேறினால் அதிகம். இரண்டாவது ரகத்தில் நாலைந்து அச்சுகள் ஒரு வட்டத் தலையில் குந்தியிருக்கும். தலையைத் திருப்பினால் போதும். மூன்றாவதுதான் ராட்சசப் பிரஸ். நாலைந்து கூடுகள் ஒரு தட்டில் சுற்றி வர, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை ஒரே சமயத்தில் நடக்கும். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் ஒரு தோட்டா விழும். மணிக்கு நானூறு, ஐந்நூறு!

இதைக் கேட்டதும் எந்தப் புருஷருக்கும் ராட்சசன் மேல்தான் ஆசை பிறக்கும். இந்த இடத்தில்தான் அந்த வீட்டு அம்மாள் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடை. சில கைத்துப்பாக்கிக் கூடுகள் கரிமருந்துக் காலத்து அளவுடையவை. இன்றைய மருந்து அதில் அடியோடு அடியாகக் கொஞ்சந்தான் கிடக்கும். தவறிப்போய் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால் வழிந்து காட்டிக்கொடுக்காது. சமர்த்தாக உள்ளே உட்கார்ந்திருக்கும். சுடும்போதுதான் தெரியும், துப்பாக்கி கையிலேயே வெடித்து! நேர்மாறாக, மருந்தே விழாமல் போனாலும் ஆபத்து. ப்ரைமரின் பலத்தில் மட்டும் குண்டு பாதிக் குழாய் வரை போய்ச் சிக்கிக்கொள்ளும். சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளந்துவிடும்.

ஒற்றை அச்சில் இதற்கு ஒரு காப்பு இருக்கிறது. ஐம்பது குழிகள் கொண்ட பலகையில், நம் பல்லாங்குழி போல, ஐம்பது கூடுகளையும் நிறுத்தி மருந்து போட்ட பிறகு, விளக்கைத் தூக்கிப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்கலாம். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். ராட்சசப் பிரஸ்ஸிலும் பார்க்க வழி இல்லாமல் இல்லை. ஆனால் ப்ரைமர், மருந்து, குண்டு எல்லாவற்றையும் ஒரே கண் ஒரே நொடியில் கவனிக்க வேண்டும். வேலையை அறிந்த கண்ணுக்கு அது சாத்தியம். புதுக் கண்ணுக்கு?

ஒற்றையிலும் பார்த்து வாங்க வேண்டும். முன்பக்கம் திறந்த சட்டத்தைவிட, வளையம் போல் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம் உத்தமம். அழுத்தும்போது வளைந்து கொடுக்காது. அச்சு மாட்டுகிற மரை முக்கால் அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம் கூடுதலாக, அங்குலத்துக்குப் பதினாலு புரியோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளின் அச்சுகளுக்கு அதுதான் பொது அளவு. அந்த அளவாக இருந்தால் கம்பெனி மாறினாலும் அச்சு வீணாகாது. மேஜை ஆடக் கூடாது என்பதை ஆட்டுக்கல் கண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரஸ்ஸோடு நல்ல தராசும், எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று அச்சிட்ட அளவுப் புத்தகமும் வாங்கியாக வேண்டும். பணம் போதவில்லை என்றால் பிரஸ்ஸில் குறைக்கலாமே தவிர, தராசில் குறைக்கக் கூடாது. "கைப்பழக்கத்திலேயே போட்டுவிடுவேன்" என்பது சாம்பாருக்குச் சரி.

இன்னொரு கண்டிப்பு: சமையலறை மேஜையில் இந்த வேலை கூடவே கூடாது. சாதாரண ப்ரைமரில் ஈயம் சேர்ந்திருக்கிறது. சுட்ட கூட்டைத் தட்டினால் உதிரும் கரியிலும், கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் தூசியிலும் அந்த ஈயம் உண்டு. குழந்தைகள் ரத்தத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற ஈய அளவே கிடையாது என்கிறார்கள் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள். தனி இடம், தனிச் சட்டை, ஈரத் துணியால் துடைப்பு, சோப்புப் போட்டுக் கை கழுவல் இவ்வளவும் ஆன பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். மருந்தும் ப்ரைமரும் வாங்கி வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில். வேலை நடக்கும்போது டெலிவிஷனும் கூடாது, ஊர் வம்பும் கூடாது.

மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. 2020, 2021-ல் அங்கே தோட்டாவுக்குப் பெரும் பஞ்சம் வந்தபோது ப்ரைமரும் சேர்ந்தே மறைந்தது. அதை வீட்டில் செய்துகொள்கிற வழக்கமில்லை. நல்ல நல்ல பிரஸ்கள் மாதக்கணக்கில் சும்மா நின்றன. மிச்சம் பிடித்தவர்களும் அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு பெட்டி சுட்டுத் தீர்ப்பதுதான் வழக்கமாம். புடவைத் தள்ளுபடிக்குப் போய் வந்த நமக்கு இது புரியாதா என்ன?

வேலை கைவந்து, மாதம் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டால் அப்போது ராட்சசனை வாங்கட்டும். பழைய வார்ப்பிரும்புப் பிரஸ்ஸைப் பலர் விற்பதில்லை. வேட்டைத் துப்பாக்கிக்கென்று நிதானமாகச் செய்கிற இருபது தோட்டாவுக்கு அதையே வைத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்தால் பேரன் கைக்குப் போகிற வரை உழைக்கும்.