பாராட்டு மழையில் தொடங்கும் காதல், போட்டியாக மாறுவது ஏன்?

“உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை” என்று தொடங்கும் காதல், சில மாதங்களில் “நான் இல்லேன்னா நீ யாரு?” என்ற இடத்துக்கு வந்து நிற்பதுண்டு. ஒரே ஆள் எப்படி இப்படி மாறினார்? பல நேரங்களில் அவர் மாறவே இல்லை என்பதுதான் பதில்.

இரண்டு முகங்கள்

தன்னைப் பற்றிய மிகையான பெருமிதத்தை ‘நார்சிசிஸம்’ என்கிறது உளவியல். இதற்கு இரண்டு முகங்கள் உண்டு என 2013-ல் ஜெர்மனி உளவியலாளர் மித்யா பாக் குழுவினர் விளக்கினர். ஒன்று, பிறரைக் கவர்ந்து பாராட்டை வாங்கும் முகம். மற்றொன்று, பிறரை மட்டம் தட்டித் தன்னை உயர்த்திக்கொள்ளும் போட்டி முகம். முதல் முகம் தொடக்கக் கால ஈர்ப்போடும், இரண்டாவது முகம் நீண்டகாலச் சிக்கல்களோடும் தொடர்புடையது என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எப்படி வெளிப்படும்?

உங்களுக்குப் புரமோஷன் கிடைத்தால், “உங்க ஆபீஸ்ல யாருக்கு வேணும்னாலும் கொடுப்பாங்க போல” என்பார். சின்னதாக ஒரு குறை சொன்னால் நாள்கணக்கில் பேச்சே இருக்காது. “மனசு கஷ்டமா இருக்கு” என்றால், “நீதான் ஓவரா யோசிக்கிற” என்பார். கடைசியில் மன்னிப்புக் கேட்பது நீங்களாகத்தான் இருக்கும்.

செல்ஃபி எடுத்தாலே நார்சிசிஸ்ட்டா?

இல்லை. இந்தக் குணம் கூடுதலாகவோ குறைவாகவோ பலரிடமும் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 9 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் குறைந்தது 5 நீண்டகாலமாகத் தொடர்ந்தால்தான் அது ஆளுமைக் கோளாறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல நிபுணர்தான்; இன்ஸ்டா ரீல்ஸ் அல்ல.

என்ன செய்யலாம்?

பட்டம் கட்டுவதை விட்டுவிட்டு, மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் ‘முடியாது’ என்றால் என்ன நடக்கிறது? நீங்கள் ஜெயித்தால் அவர் முகம் எப்படி இருக்கிறது? ‘சாரி’க்குப் பிறகு நடத்தை மாறுகிறதா?

மூன்றுக்கும் பதில் கசப்பாகவே இருந்தால், நண்பர்களிடமும் வீட்டாரிடமும் பேசுங்கள். ‘அவங்ககூட எல்லாம் பேசாதே’ என்ற பேச்சுக்காக அவர்களை இழந்துவிடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416 எண்ணை அழைக்கலாம். வார்த்தையாலும் மனரீதியாகவும் துன்புறுத்துவதையும் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையாகவே பார்க்கிறது. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் அது பொருந்தும். பெண்கள் உதவி எண்: 181.