பொதுப் பேரணிகளில் காவல் படையின் பலப்பிரயோகமும் பொறுப்புடைமையும்: மலேசியச் சூழல்

முன்னுரை

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை மலேசியக் குடிமக்களுக்குக் கூட்டரசு அரசமைப்பின் 10ஆம் பிரிவு வழங்குகின்றது. கூடியவர்களைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல் படைக்கு வேறு சட்டங்கள் வழங்குகின்றன. இவ்விரண்டும் தெருவில் எதிர்ப்படும்போது எழும் வினாக்கள் இரண்டு. மிகையான பலம் பயன்படுத்தப்பட்டதா என்பது முதல் வினா. பயன்படுத்தியவர் யார் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு இந்நாட்டில் ஒருமுறைக்குப் பன்முறை விடை கிடைத்துள்ளது. இரண்டாம் வினாவே பெரும்பாலும் விடையின்றி நிற்கின்றது. அவ்வாறு நிற்பதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சட்டப் பின்னணி

சட்டவிரோதக் கூட்டம் என்னும் கருத்தாக்கம் நமக்கு இந்தியாவின் வழியாகவே வந்து சேர்ந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவதைப் பற்றிய 141ஆம் பிரிவு இரு நாடுகளிலும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றது. இந்தியாவில் அச்சட்டம் 2024 ஜூலையில் விலக்கப்பட்டுவிட்டது. இங்கு இன்றும் நடப்பில் உள்ளது. காலனிய ஆட்சி தன் குடிகளை அடக்க வகுத்த சொற்களை நாம் இன்றும் காத்து வருவது சிந்தனைக்குரியது.

1967ஆம் ஆண்டின் காவல் படைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பொதுக்கூட்டத்திற்குக் காவல் படையின் உரிமம் வேண்டும் என்று வைத்திருந்தது. உரிமம் இல்லாத கூட்டம் எவ்வளவு அமைதியாக இருப்பினும் அது குற்றமே. 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் உரிமத்திற்கு மாற்றாக முன்னறிவிப்பைக் கொணர்ந்தது. அறிவிப்பு அளிக்கத் தவறும் ஏற்பாட்டாளருக்குத் தண்டனை விதிக்கும் 9(5) பிரிவின் மீது முரண்பட்ட தீர்ப்புகள் எழுந்தன. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. 2015இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு செல்லும் என்றது. 2025 ஜூலை 1ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கூடுவோர் பக்கத்தில் சட்டம் இவ்வளவு தொலைவு நகர்ந்துள்ளது. கலைப்போர் பக்கத்தில் அத்தகைய நகர்வு இல்லை. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, கலைக்கும்போது நியாயமான பலம் அனைத்தையும் காவலர் பயன்படுத்தலாம் என்கிறது. எது நியாயம் என்பதை அது வரையறுக்கவில்லை.

சுஹாகாம் கண்டவை

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சுஹாகாம் எனும் மலேசிய மனித உரிமை ஆணையம், இத்துறையில் குறிப்பிடத்தக்க பணியாற்றியுள்ளது. 2000 நவம்பர் 5ஆம் நாள் கெசாஸ் நெடுஞ்சாலையில் நடந்த கூட்டம், 2006 மே 28ஆம் நாள் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்துக் கே.எல்.சி.சி.யில் நடந்த கூட்டம், 2011 ஜூலை 9ஆம் நாள் நடந்த பெர்சே பேரணி, 2012 ஏப்ரல் 28ஆம் நாள் நடந்த பெர்சே 3.0 ஆகியவை குறித்து அது பொது விசாரணை நடத்தியது. நான்கிலும் காவல் படை மிகையான பலத்தைப் பயன்படுத்தியது என்றே அதன் அறிக்கைகள் கண்டன. 2011ஆம் ஆண்டுப் பேரணியின்போது துங் ஷின் மருத்துவமனை வளாகத்தினுள் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தமை தொடக்கத்தில் மறுக்கப்பட்டு, படச்சான்றுகள் வெளிவந்த பின்னரே விவாதத்திற்குரியதாயிற்று.

பெர்சே 3.0 நிகழ்வை மட்டும் சற்று விரிவாக நோக்கலாம். அமைதிப் பேரணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 23ஆம் நாள். பேரணி நடந்தது ஐந்து நாள்களுக்குப் பின். மெர்டேக்கா சதுக்கத்தைச் சுற்றி முள்வேலித் தடுப்புகள் இடப்பட்டிருந்தன. பிற்பகல் மூன்று மணியளவில் தடுப்பு உடைக்கப்பட்டதும் கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீரும் பாய்ச்சப்பட்டன. பேரணியினரின் பக்கத்திலும் வன்முறை இல்லாமலில்லை. காவல் படையின் கார் ஒன்று தாக்கிக் கவிழ்க்கப்பட்டது, காவலர்களும் காயமுற்றனர். ஆனால் கூட்டம் கலைந்தோடிய பின்னர்த் தனித்து அகப்பட்டோரும் செய்தியாளர்களும் தாக்கப்பட்டதற்குத் தடுப்பு உடைந்ததைக் காரணமாகக் காட்டுதல் இயலாது. சீருடையில் பெயர்ப்பட்டையோ பணி எண்ணோ இன்றிக் காவலர் சிலர் காணப்பட்டனர் என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் கண்காணிப்பாளர்கள் உள்ளிட்டோர் அப்போதே சுட்டிக்காட்டினர். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இச்செய்தியே இக்கட்டுரையின் மையம்.

பெயரின்மையின் விளைவுகள்

தலைக்கவசமும் கேடயமும் அணிந்து வரிசையாக நிற்கும் கலகத் தடுப்புப் படையினரில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது கடினம். பெயர்ப்பட்டையும் இல்லையெனில் அடிபட்டவர் தன் புகாரில் 'ஒரு காவலர்' என்று மட்டுமே எழுத முடியும். குற்றவியல் வழக்கிற்கு அது போதாது என்பது தெளிவு. உரிமையியல் வழக்கிற்கும் போதாது என்பதே பலர் அறியாதது. 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைகள் சட்டத்தின்படி, அரசாங்க ஊழியர் ஒருவரின் தவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டுமாயின் அவ்வூழியரின் பொறுப்பு முதலில் நிலைநாட்டப்பட வேண்டும். லே கீ தீ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வழக்கு பேரணி பற்றியதன்று. பன்றி வளர்ப்போர் கிருமித் தொற்றால் அடைந்த இழப்பைப் பற்றியது. எனினும் அதன் நிழல் தெருவிலும் விழுகின்றது. அதிகாரியை வழக்கில் தரப்பாகச் சேர்த்தே ஆக வேண்டுமா, அடையாளம் காட்டினால் போதுமா என வழக்கறிஞர்கள் வாதிடலாம். இரண்டில் எதுவாயினும் அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் இச்சிக்கல் இல்லை. 2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராப் பேரணியையொட்டி 31 பேர் மீது, காவலர் ஒருவரைக் கொல்ல முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அக்குற்றச்சாட்டு அடுத்த மாதமே மீட்டுக்கொள்ளப்பட்டது. பெர்சே 3.0இல் பொதுச்சொத்துக்கு நேர்ந்த சேதத்திற்காக ஏறத்தாழ 110,000 ரிங்கிட் கோரி அரசாங்கமே ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. 2015இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. இவ்வழக்குகள் நிலைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் எவர் மீது வழக்குத் தொடுப்பது என்ற ஐயம் அரசுத் தரப்புக்கு ஒருபோதும் எழவில்லை.

மொழியாசிரியர்களுக்கு இங்கு ஒரு குறிப்பு. 'தடியடி நடத்தப்பட்டது', 'கண்ணீர்ப்புகை வீசப்பட்டது' என்று நம் நாளேடுகள் எழுதும் செயப்பாட்டு வாக்கியங்களில் வினைமுதல் மறைந்துவிடுகிறது. (மேலே யானும் அவ்வாறே எழுதியுள்ளேன், வேறு வழியில்லை, எழுதுவதற்குப் பெயர் கிடைக்கவில்லை.) 'காவல் படை பலத்தைப் பயன்படுத்தியது' என்னும் விசாரணை அறிக்கையின் வாக்கியம் எழுவாயைப் பெற்றிருந்தும் அது கூட்டுப்பெயராகவே இருக்கின்றது. கூட்டுப்பெயரை எந்த நீதிமன்றமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

கட்டளையிட்டவர் நிலை இன்னும் முக்கியமானது. 1990ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்ற, பலப்பிரயோகம் பற்றிய அடிப்படை நெறிகள், தமக்குக் கீழுள்ளோர் வரம்பு மீறுவதை அறிந்திருந்தும் அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும் தடுக்கத் தவறிய மேலதிகாரியைப் பொறுப்பாளியாக்குகின்றன. 2020இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, கூடும் உரிமை பற்றிய தன் பொதுக்கருத்தில், பேரணிகளில் சீருடைக் காவலர் எளிதில் அறியத்தக்க அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்றது. அக்கருத்துக்கு அடிப்படையான உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை.

ஆணையங்களின் கதை

டுன் முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் 2004இல் அமைந்த அரச ஆணையம் மறு ஆண்டு 125 பரிந்துரைகளை அளித்தது. காவல் படை மீதான புகார்களை விசாரிக்கவும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் பெற்ற ஐ.பி.சி.எம்.சி. என்னும் சுதந்திர ஆணையம் அவற்றுள் தலையாயது. அதற்கு மாற்றாக 2009இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம் அமைந்தது. காவல் படை அதில் பல நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் தாக்கலான ஐ.பி.சி.எம்.சி. மசோதா நிறைவேறவில்லை. 2022இல் நிறைவேறி 2023 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது ஐ.பி.சி.சி. சட்டமே. இவ்வாணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க இயலாது. ஒழுங்கு நடவடிக்கை, உள்துறை அமைச்சர் தலைவராகவும் காவல் படைத் தலைவர் உறுப்பினராகவும் உள்ள காவல் படை ஆணையத்திற்கே உரியது.

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது ஒரு விதிவிலக்கு. காவல் படைத் தலைவரின் நிலையான ஆணைகளில் வகுத்துரைக்கப்பட்ட செயல்களை ஐ.பி.சி.சி. விசாரிக்க இயலாது. கூட்டத்தை எப்போது எச்சரிப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எதனைக் கொண்டு கலைப்பது ஆகியவை அத்தகைய ஆணைகளுக்குள் அடங்கக்கூடியவை. அவ்வாணைகள் பொதுமக்களுக்காக வெளியிடப்படுவதில்லை. ஆகவே, கலைக்கப்பட்ட ஒருவர் தம்மைக் கலைத்தவர் விதியை மீறினாரா என்று அறிய வேண்டுமாயின், அவருக்குத் தெரியாத பெயருடைய ஒருவரைத் தாம் காண இயலாத விதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர்ப்பட்டையைக் கட்டாயமாக்கவும் ஆணைகளின் தொடர்புடைய பகுதிகளை வெளியிடவும் புதிய ஆணையமோ அரசமைப்புத் திருத்தமோ தேவையில்லை. அவ்வாணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல் படைத் தலைவரிடமே உள்ளது.